காதால் ஆடியவர்களின் தடம்

வீடியோ கேம் ஆவணத் தொகுப்புகளில் ஒவ்வொரு விளையாட்டுக்கும் ஒரு பதிவு இருக்கும். பெயர், தயாரித்த நிறுவனம், வெளியான நாள், பெட்டியின் அட்டைப்படம், கடைசியாகத் திரையிலிருந்து பிடித்த நான்கைந்து படங்கள். 1997 ஜூலை 18 அன்று ஜப்பானில் சேகா சாட்டர்ன் கன்சோலுக்காக வெளிவந்த ‘ரியல் சவுண்ட்: காஸே நோ ரிக்ரெட்’ விஷயத்தில் இந்த முறை முட்டி நின்றுவிடுகிறது. கதை ஓடத் தொடங்கிய பிறகு எந்த நொடியில் நிறுத்திப் படம் பிடித்தாலும் வெறும் கறுப்புதான் வரும். அந்த விளையாட்டு காதுக்காகவே செய்யப்பட்டது.

பார்வையற்றோருக்கான ஒலி விளையாட்டுகள் எங்கே தொடங்கின என்று தேடப் புகுந்தபோது எனக்குக் கிடைத்த முதல் துப்பு இந்தக் கறுப்புப் படம். இன்று ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையைப் பார்க்காமலே வாள் வீசலாம், பந்தயக் கார் ஓட்டலாம், இருட்டறையில் மிருகங்களிடமிருந்து தப்பி ஓடலாம். இவற்றுக்கு முன்னோடி எது என்று கேட்டால் ‘ரியல் சவுண்ட்’ என்றே பலரும் கை காட்டுகிறார்கள். எனக்கு அந்தப் பதில் போதவில்லை. கண்ணை நம்பியே பணம் பண்ணும் ஒரு தொழிலில், திரையை முற்றாக அணைத்துவிடலாம் என்ற எண்ணம் ஒருவருக்குத் தானாக வந்திருக்காது. அவர் யாரையோ பார்த்திருக்க வேண்டும்.

அந்த எண்ணம் வந்தவர் கென்ஜி ஈனோ. வார்ப் என்ற சிறிய நிறுவனத்தை நடத்தியவர். 1995ல் வந்த ‘டி’ என்ற திகில் விளையாட்டால் ஜப்பானில் பெரும் பெயர் பெற்றவர். ‘ரியல் சவுண்ட்’டுக்கு அவர் ஆள் சேர்த்த விதத்தைப் பார்த்தாலே, அதை ஒரு தர்ம காரியமாக அவர் எண்ணவில்லை என்பது புரியும். கதை எழுத யுஜி சகமோட்டோ. 1991ல் பெரும் வெற்றி பெற்ற ‘டோக்கியோ லவ் ஸ்டோரி’ தொலைக்காட்சித் தொடரை எழுதியவர். 2023ல் கான் திரைப்பட விழாவில் சிறந்த திரைக்கதைக்கான விருதைப் பெற்றவரும் இவர்தான். இசைக்கு மூன்ரைடர்ஸ் குழுவின் கெய்ச்சி சுசுகி. குரல் கொடுக்க தகாஷி கஷிவபாரா, மிஹோ கன்னோ போன்று அப்போது புகழின் ஏற்றத்தில் இருந்த நடிகர்கள். கதை நான்கு குறுந்தகடுகளில் விரிகிறது. ஓரிடத்தில் மணி ஒலிக்கும். அப்போது கன்ட்ரோலரின் திசைப் பொத்தானை அழுத்தி, நாயகன் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று முடிவெடுக்க வேண்டும். மறுபடி கதை ஓடும்.

வானொலி நாடகத்துக்கு மிக நெருக்கமான வடிவம் இது. கேட்க அழகானது, ஆனால் ஆடுபவரின் கைக்கு வேலை குறைவு. ஆகவே இந்த விளையாட்டைவிட, இது பிறந்த கதைதான் என் தேடலுக்கு முக்கியமாகப் பட்டது.

அந்தக் கதையை ஈனோவே சொல்லியிருக்கிறார். 2008ல் ஒன்அப் என்ற அமெரிக்க இணைய இதழுக்காக ஜேம்ஸ் மீல்கி அவரை விரிவாகப் பேட்டி கண்டார். பார்வையற்றவர்களைச் சந்திக்கத் தமக்கு ஒரு வாய்ப்பு கிடைத்ததாகவும், அவர்களில் சிலர் ஆக்‌ஷன் கேம்களை ஆடுவதை அப்போதுதான் அறிந்ததாகவும் அதில் சொல்கிறார். அந்த விளையாட்டுகள் அவர்களுக்காகச் செய்யப்பட்டவை அல்ல; முழு அனுபவமும் அவர்களுக்குக் கிடைப்பதில்லை; ஆனாலும் விடாப்பிடியாக ஆடுகிறார்கள். திரையையே அணைத்துவிட்டால் பார்வையுள்ளவரும் இல்லாதவரும் ஒரே விளையாட்டை ஒரே மாதிரி கேட்பார்கள், ஆடி முடித்ததும் அதைப் பற்றிச் சரிசமமாகப் பேசிக்கொள்ளலாம் என்று அவருக்குத் தோன்றியது. சேகா இந்த விளையாட்டைத் தன் கன்சோலுக்கு மட்டும் கேட்டது. பார்வையற்றவர்களுக்கு 1000 சாட்டர்ன்களை சேகா இலவசமாகக் கொடுத்தால், தன் பங்குக்கு 1000 பிரதிகளைத் தானும் தருவதாக ஈனோ நிபந்தனை வைத்தார்.

இந்த 1000 என்ற எண் எங்கெங்கோ மேற்கோளாகச் சுற்றுகிறது. நூல் பிடித்துப் போனால் அது ஈனோவின் வாய்ச்சொல்லில் வந்து முடிகிறது. அதுவும் சம்பவம் நடந்து பத்தாண்டு கடந்த பிறகு சொன்னது. எனவே என் குறிப்புகளில் அதை ‘ஈனோவின் கூற்று’ என்று எழுதி வைத்திருக்கிறேன். 2013 பிப்ரவரி 20 அன்று, 42 வயதில் ஈனோ இறந்தார். அதே வாரத்தில் ஒன்அப் இதழை மூடப்போவதாக அறிவிப்பும் வந்தது. சொன்னவரும் இல்லை, வெளியிட்ட இதழும் இல்லை. இணையக் காப்பகங்களில் தங்கிய பிரதிகளை வைத்துக்கொண்டுதான் நாம் வேலை செய்கிறோம்.

ஆனால் அந்தப் பேட்டியில் எண்ணைவிடப் பெரிய தடயம் இன்னொன்று: அவர்கள் ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பது. எதை ஆடினார்கள்? எப்படி? விற்பனைக் கணக்கிலோ பத்திரிகை விமர்சனத்திலோ இதற்குப் பதில் கிடைக்காது. எனவே விளையாட்டுகளையே ஆவணமாக எடுத்துக்கொண்டேன். படத்தை மறைத்துவிட்டு, ஒலியை மட்டும் ஓடவிட்டு, இதிலிருந்து ஒரு காது என்னென்ன தெரிந்துகொள்ள முடியும் என்று ஒவ்வொன்றாக எழுதத் தொடங்கினேன்.

முதலில் ஈனோவின் கைவேலையிலேயே ஒன்று சிக்கியது. ‘ரியல் சவுண்ட்’டுக்கு முந்தைய ஆண்டு, 1996 டிசம்பரில் வந்த ‘எனிமி ஸீரோ’. விண்கலத்தில் உலாவும் எதிரிகள் அதில் கண்ணுக்குத் தெரியமாட்டார்கள். காதில் கேட்கும் ஒலியின் சுருதி மாறுவதை வைத்தே எதிரி எந்தப் பக்கம், எவ்வளவு தூரம் என்று கணிக்க வேண்டும். பார்வையுள்ளவர்களுக்கான விளையாட்டு இது. ஆனாலும் கண் இதில் பாதிக்குமேல் பயனற்றுப் போகிறது.

அங்கிருந்து பின்னோக்கிப் போனால் தொடக்கமே மௌனம். 1972ல் விற்பனைக்கு வந்த முதல் வீட்டுக் கன்சோலான மேக்னவாக்ஸ் ஒடிசியில் ஒலியே கிடையாது. அதே ஆண்டு நவம்பரில் அட்டாரியின் ‘பாங்’ வந்தது. அதற்குத்தான் குரல் இருந்தது. அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்ன் பின்னர் சொல்லியிருக்கிறார்: கூட்டத்தின் ஆரவாரம் வேண்டும் என்று முதலாளி நோலன் புஷ்னெல் கேட்டார், அதற்கான சில்லுகளோ இடமோ பலகையில் இல்லை, சர்க்யூட்டில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த அதிர்வெண்களில் கேட்க நன்றாக இருந்தவற்றை எடுத்துக் கோத்துவிட்டார். மட்டையில் பட்டால் ஓர் ஒலி, சுவரில் பட்டால் வேறு, பந்து தப்பிப் புள்ளி போனால் இன்னொன்று. கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் ஆட்டம் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பது தெளிவாகவே புரிகிறது. பந்து எங்கே வருகிறது என்பது மட்டும் தெரியாது. என்ன நடந்தது என்பதை ‘பாங்’ சொல்கிறது, எங்கே என்பதைச் சொல்வதில்லை. இந்த ‘எங்கே’ என்ற கேள்வி பின்னால் என்னை வெகு தூரம் இழுத்துக்கொண்டு போனது.

ஒடிசி என்ற அந்த ஊமைக் கன்சோலை உருவாக்கிய ரால்ஃப் பேரின் தாள்களும் மாதிரிக் கருவிகளும் இன்று வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. இந்த மனிதர்தான் 1978ல் ஹோவர்ட் மாரிசனோடு சேர்ந்து ‘சைமன்’ விளையாட்டுப் பொம்மையைத் தந்தவர் என்பதைப் பார்த்ததும் தேடல் சூடுபிடித்தது. அட்டாரி 1974ல் வெளியிட்ட ‘டச் மீ’ என்ற இயந்திரத்தை ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ரால்ஃப் பேர் பார்த்திருக்கிறார். யோசனை பிடித்தது, அதன் கரகர ஒலி பிடிக்கவில்லை. நான்கே சுரங்கள் வேண்டும்; அவை எந்த வரிசையில் வந்தாலும் காதை உறுத்தக் கூடாது. ஒரு கலைக்களஞ்சியத்தைப் புரட்டியவருக்கு ராணுவத்தில் ஊதும் பியூகிள் கண்ணில் பட்டது. சைமனின் நான்கு பொத்தான்களுக்கும் பியூகிளின் சுரங்கள் வந்தது அப்படித்தான். வட்டமான கருவி, நான்கு கால்வட்டப் பொத்தான்கள், ஒவ்வொன்றுக்கும் மாறாத இடம், மாறாத சுரம். விளக்கும் சுரமும் காட்டும் வரிசையை அப்படியே திருப்பி அழுத்துவதுதான் ஆட்டம். விளக்கு எரிவதைப் பார்க்காமலே, கேட்ட வரிசையைத் தடவி அழுத்திவிடலாம். பார்வையற்றவர்களை மனத்தில் வைத்துச் செய்ததல்ல. இருந்தும் கண்ணும் காதும் சமமாக ஆடக்கூடிய பொருளாக அமைந்துவிட்டது. நல்ல ஒலி வேண்டும் என்ற ஒருவரின் பிடிவாதத்தால் அமைந்தது.

அதே 1978ல் டைட்டோ வெளியிட்ட டொமோஹிரோ நிஷிகாடோவின் ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ஸைக் காதால் மட்டும் பின்தொடர்ந்தால் இன்னொன்று கிடைக்கிறது. நான்கு அடிச்சுரங்கள் திரும்பத் திரும்ப ஒலிக்கின்றன. எதிரிகள் குறையக் குறைய அந்த ஓட்டம் வேகமெடுக்கிறது. எத்தனை பேர் மிச்சம், எவ்வளவு ஆபத்து என்பது எண்ணாமலே தெரிந்துவிடும்.

இன்வேடர்ஸிலும் ‘எங்கே’ கிடையாது. அதைக் கொண்டுவந்தது ஸ்டீரியோ. 1990களின் கன்சோல்களில் சண்டை விளையாட்டுகள் குவிந்தன. ‘மோர்ட்டல் காம்பாட்’, ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர்’ போன்றவற்றின் அமைப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். இரண்டே பேர். இருவரும் ஒரே கோட்டில் இடமும் வலமுமாக நகர்கிறார்கள். ஒவ்வோர் அடிக்கும், ஒவ்வோர் உதைக்கும், தடுத்தலுக்கும், குதித்தலுக்கும் தனி ஒலி. சிறப்புத் தாக்குதல் என்றால் பல வீரர்கள் அதன் பெயரையே கத்துவார்கள். எதிரி இடப்பக்கம் நின்றால் இடது காதில் கேட்கும். இவ்வளவும் இருக்கும்போது திரை இல்லாமல் ஆடுவது சாத்தியமே. ஒலிகளை ஒவ்வொன்றாக மனப்பாடம் செய்யும் பொறுமை இருக்க வேண்டும், அவ்வளவுதான். பார்வையற்ற ஆட்டக்காரர்கள் பலர் சண்டை விளையாட்டுகளில் தேர்ச்சி பெற்றதற்குக் காரணம் இந்த அமைப்பில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் நடக்கும் ஈவோ போட்டியில், பார்வையுள்ளவர்களோடு மோதும் பொது ஆட்டத்திலேயே அவர்கள் களமிறங்கியிருக்கிறார்கள்.

சண்டை விளையாட்டின் உலகம் ஒரு கோடு. விரிந்த நிலப்பரப்பில், குகைகளிலும் கோட்டைகளிலும் வழி கண்டுபிடிப்பது வேறு சங்கதி. நின்டெண்டோ 1998ல் வெளியிட்ட ‘ஸெல்டா: ஒக்காரினா ஆஃப் டைம்’ அந்த வகை. பார்வையற்ற அமெரிக்கர் ஒருவர் அதை ஆண்டுக்கணக்கில் ஆடி முடித்தது செய்தியாக வந்தது. அவர் ஆடும் பதிவுகளைக் கேட்டபோது என் கவனத்தைப் பிடித்தது ஒரு சின்னப் பழக்கம். நாயகனின் கையிலுள்ள கொக்கிக் கருவியை முன்னால் ஏவுகிறார். எதன் மீதோ பட்டால் ஒரு சத்தம், படாவிட்டால் வேறு. அந்தச் சத்தத்தை வைத்துச் சுவர் எங்கே, வாசல் எங்கே என்று பார்க்கிறார். எதிரிகளைத் தாக்கவும் உயரங்களில் ஏறவும் கொடுத்த கருவி அவர் கையில் வெள்ளைக் கைத்தடியாகிவிட்டது.

அந்த விளையாட்டை வடிவமைத்தவர்கள் இதை எதிர்பார்க்கவில்லை. கண்டுபிடித்தவர் ஆட்டக்காரர். என் தேடலில் நான் எதைப் பின்தொடர வேண்டும் என்பது இங்கேதான் தெளிவானது. முதல் ஆடியோ கேமைச் செய்த நிறுவனத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வரலாறு 1997ல் நின்றுவிடும். காதால் வழி கண்டவர்களைத் தேடினால் அது கணினிக்கும் முந்தியது.

அந்தத் தடம் என்னை 1944ஆம் ஆண்டின் ‘அமெரிக்கன் ஜர்னல் ஆஃப் சைக்காலஜி’யில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கார்னெல் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் சூப்பா, மில்டன் காட்ஸின், கார்ல் டாலன்பாக் மூவரும் எழுதிய கட்டுரை. சூப்பா பார்வையற்றவர். பார்வையற்றோர் பலரால் எதிரே உள்ள சுவரையோ மரத்தையோ தொடாமலே உணர முடிகிறது. எப்படி என்பது அவர்களுக்கே தெரியாத புதிராக இருந்தது. முகத்தில் ஒரு மெல்லிய அழுத்தம் படுவதாகச் சொல்வார்கள். பிரெஞ்சு அறிஞர் டிடரோ 1749லேயே, பியூஸோ ஊரைச் சேர்ந்த ஒரு பார்வையற்றவர் முகத்தில் படும் காற்றை வைத்துப் பொருள்களின் அருகாமையை அறிந்ததாக எழுதியிருந்தார். கிட்டத்தட்ட இருநூறு ஆண்டுகள் இந்த விளக்கமே ஓடிக்கொண்டிருந்தது.

கார்னெல் குழு இதை ஒரு குற்றப் புலனாய்வுபோல அணுகியது. சந்தேகத்துக்குரியவர்களை ஒவ்வொருவராக விலக்கியது. பார்வையற்றவர் இருவர், கண்ணைக் கட்டிய பார்வையுள்ளவர் இருவர். நீண்ட கூடத்தில் ஒரு தடுப்புப் பலகையை நோக்கி அவர்கள் நடக்க வேண்டும். தடுப்பு இருப்பதை முதலில் உணரும்போது ஒருமுறை சொல்ல வேண்டும், அதில் மோதாமல் எவ்வளவு நெருங்க முடியுமோ அவ்வளவு நெருங்கியதும் இன்னொருமுறை. காலணியோடு மரத்தரையில் நடந்தபோது நன்றாகவே உணர்ந்தார்கள். காலுறையோடு கம்பளத்தில் நடக்கவிட்டபோது திறன் குறைந்தது. அடுத்து, தலையையும் முகத்தையும் கனமான கம்பளித் துணியால் மூடி, கைகளுக்குத் தடித்த உறை போட்டார்கள். காற்று தோலில் பட வழியே இல்லை. இருந்தும் தடுப்பை உணர்ந்தார்கள். பிறகு துணியை எடுத்துவிட்டுக் காதை அடைத்தார்கள். எல்லோரும் பலகையில் போய் மோதினார்கள்.

கடைசிச் சோதனை இன்னும் அபாரம். கேட்பவரை ஒலி புகாத ஓர் அறையில் உட்காரவைத்து ஹெட்ஃபோன் மாட்டினார்கள். ஆய்வாளர் மைக்ரோஃபோனை ஏந்திக்கொண்டு கூடத்தில் தடுப்பை நோக்கி நடந்தார். அறையில் இருந்தவர் அந்தக் காலடி ஓசையை மட்டும் கேட்டு, இதோ தடுப்பு வருகிறது, இதோ நெருங்கிவிட்டது என்று சொன்னார். காலடி தடுப்பில் பட்டுத் திரும்பிவரும் ஒலியே காரணம் என்பது நிறுவப்பட்டது.

இந்தப் பகுதியைப் படித்தபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். ஓர் ஆள் ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கிறார், காதில் ஹெட்ஃபோன், வேறோர் இடத்தில் ஓர் உடல் நடக்கிறது, அந்த உடலின் காலடியைக் கேட்டே இவர் சுவரைக் கண்டுகொள்கிறார். ஒலி விளையாட்டு என்பதன் முழு அமைப்பும் இதில் இருக்கிறது. பொத்தான் ஒன்றுதான் பாக்கி.

பொத்தான் வந்ததை 2010 டிசம்பரில் காணலாம். லண்டனின் சம்திங் எல்ஸ் நிறுவனம் ஐபோனுக்காக வெளியிட்ட ‘பாப்பா சாங்ரே’. இறந்தவர்களின் உலகில் இருட்டில் நடக்க வேண்டும். திரையின் கீழ்ப்பகுதியில் இடமும் வலமுமாக இரண்டு விரல்களால் மாறி மாறித் தட்டினால் அவையே பாதங்கள். அவசரப்பட்டுத் தட்டினால் தடுக்கி விழுவோம். ஓர் ஒலி ஒரு காதை அடைந்து, நொடியின் ஆயிரத்தில் ஒரு பங்குகூட ஆகாத தாமதத்தில் மறு காதை அடைகிறது. தலையும் காதுமடலும் அந்த ஒலியைச் சற்றே மாற்றுகின்றன. இவற்றைக் கணக்கிட்டு, நாம் திரும்பும்போதெல்லாம் ஒலிகளையும் சுற்றி நகர்த்தும் நுட்பம் ஒரு கைபேசியில் ஓடியது. ‘பாங்’ சொல்லாமல் விட்ட ‘எங்கே’ இங்கே முன்னும் பின்னுமாகக் கேட்டது.

‘பாப்பா சாங்ரே’ இன்று ஆப் ஸ்டோரில் இல்லை. 2017ல் ஐஓஎஸ் 11 வந்தபோது பழைய 32 பிட் செயலிகள் ஓடுவதையே ஆப்பிள் நிறுத்தியது. அந்தக் காலத்துச் செயலிகள் கூட்டம் கூட்டமாகக் காணாமல் போயின. இதற்கு நேர்மாறான ஒரு சாட்சியும் உண்டு. ‘குவேக்’ விளையாட்டின் மூல நிரலை 1999 டிசம்பரில் ஐடி சாஃப்ட்வேர் எல்லோருக்கும் திறந்துவிட்டது. அதை எடுத்து பிரிட்டனில் அக்ரிப் என்ற திட்டம், பார்வையற்றவர்கள் ஆடக்கூடிய ‘ஆடியோகுவேக்’கை உருவாக்கியது. திறந்த நிரல் என்பதால் அதை இன்றும் பிரித்துப் பார்க்கலாம், எந்த ஒலி எதற்கு என்று ஆராயலாம். ஒலி விளையாட்டுகளுக்குப் படம் சாட்சி சொல்லாது. நிரலும் ஆடியவரின் பதிவும்தான் சொல்லும். ஆவணக் காப்பகங்கள் இதை உணர்ந்து செயல்பட வேண்டிய நேரம் வந்துவிட்டது என்று உறுதியாக நினைக்கிறேன்.

ஏனென்றால் ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்தவை இப்போது பெரிய நிறுவனங்களின் விளையாட்டுகளில் அதிகாரபூர்வமாக நுழைந்துவிட்டன. 2020 ஜூனில் நாட்டி டாக் வெளியிட்ட ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 2’வில் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. ஒரு பொத்தானை அழுத்தினால் அருகிலுள்ள பொருளோ எதிரியோ இருக்கும் திசையிலிருந்து ஓர் ஒலி வரும். அதன் சுருதி உயரத்தைச் சொல்லும். கொக்கியை ஏவிச் சுவரைத் தேடியவரின் வேலையை இங்கே விளையாட்டே செய்து கொடுக்கிறது. 2023ல் வந்த ‘ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6’ எதிரி இருக்கும் தூரத்தையும் தாக்குதலின் உயரத்தையும் ஒலியால் சொல்கிறது. அதே ஆண்டின் ‘ஃபோர்ஸா மோட்டார்ஸ்போர்ட்’ வளைவையும் பாதையின் ஓரத்தையும் ஒலியாக்கியது. நாட்டி டாக்குக்கும் ‘ஃபோர்ஸா’வுக்கும் ஆலோசகராக இருந்தவர் பார்வையற்ற ஆட்டக்காரரான பிராண்டன் கோல்.

இவற்றுக்கெல்லாம் முந்தைய அறிவு இன்னும் எழுதப்படவில்லை. 1993ல் பதினைந்து வயதில் ‘மோர்ட்டல் காம்பாட்’டைக் காதால் கற்றுக்கொண்ட ஒருவருக்கு இன்று ஐம்பது நெருங்குகிறது. எந்த ஒலி எதிரி குதித்ததைக் காட்டிக்கொடுத்தது, ஸ்டீரியோ இல்லாத பழைய தொலைக்காட்சியில் என்ன செய்தார், யாரிடமிருந்து கற்றார், யாருக்குச் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கேள்விகளை எழுதி வைத்திருக்கிறேன். ஒலிப்பதிவுக் கருவியோடு அவர்களைத் தேடிப் போகும் வேலை அடுத்து தொடங்குகிறது.